குழந்தைக்கு ஒட்டுப் போர்வை: கடைப் பஞ்சா, பழைய வேட்டியா? பொருள்கள் ஒரு மதிப்பீடு

வீட்டுக்கு ஒரு குழந்தை வரப்போகிறது, துணித் துண்டுகளை இணைத்துக் கையால் ஓர் ஒட்டுப் போர்வை தைத்துக் கொடுக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் போய் நிற்பது அச்சுத் துணி அலமாரிக்கு முன்னால். யானை, மயில், மாங்காய் என்று பார்த்துப் பார்த்து எடுத்துவிட்டு, உள்ளே வைக்கும் பஞ்சை மட்டும் கடைக்காரர் எதைக் கிழித்துக் கொடுக்கிறாரோ அதை வாங்கி வருகிறார்கள். அந்தப் போர்வை தினமும் கையில் எடுக்கப்படுமா, அலமாரியில் மடித்தே கிடக்குமா என்பது அந்தப் பஞ்சில்தான் இருக்கிறது. வியர்வையை உறிஞ்சுமா, துவைத்தால் கட்டி தட்டுமா, ஐப்பசி மழையில் சீக்கிரம் காயுமா என்ற மூன்று கேள்விக்கும் பதில், மேல்துணிக்கும் கீழ்த்துணிக்கும் இடையே வைக்கும் நடு அடுக்குதான்.

அதனால் இந்த மதிப்பீட்டில் நடு அடுக்குக்கே அதிக இடம். துணி, நூல், ஊசி, தையல்காரரிடம் கொடுப்பது எல்லாம் அதற்குப் பிறகு. கணக்குக்கு எடுத்துக்கொண்ட அளவு 36க்கு 45 இஞ்ச். மடியில் வைத்துக்கொள்ளும்போது சுற்றவும், தரையில் விரித்துக் குப்புறப் போடவும், இரண்டு மூன்று வயது வரை இழுத்துக்கொண்டு திரியவும் இந்த அளவு போதும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சமவெளியில், மின்விசிறிக்குக் கீழே வளரும் குழந்தைக்கு, நன்றாகத் துவைத்துப் பழகிய பருத்தி வேட்டி இரண்டு அல்லது மூன்று அடுக்கு. அது கிடைக்காதவர்களுக்குப் பருத்திப் பஞ்சு ஷீட். பாலியஸ்டர் ஷீட் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் குளிர்நாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும். இலவம் பஞ்சு வேண்டாம்.

தைப்பதற்கு முன் ஒரு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். ஒரு வயது ஆகாத குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை எதுவும் இருக்கக் கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2022இல் புதுப்பித்த வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: கெட்டியான, சமமான படுக்கை, தலையணை, போர்வை, மெத்தென்ற பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாமல். எவ்வளவு மெல்லியதாகத் தைத்தாலும் இதற்கு விலக்கு இல்லை. சேலைத் தூளிக்குள் மடித்துப் போடுவதும் கூடாது. மடிப்பு சரிந்து மூக்கை மூடும். குழந்தை விழித்திருக்கும்போது, யாராவது பக்கத்தில் இருக்கும்போது பயன்படுத்தும் பொருள் இது. கொடுக்கும்போது இதைச் சொல்லியே கொடுங்கள்.

நடு அடுக்கு

பாலியஸ்டர் ஷீட்டைப் பை தைக்கும் பொருள் விற்கும் கடைகளிலும் மெத்தைக் கடைகளிலும் வாடிங், ஃபைபர் ஷீட் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். 100, 150, 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) என்று எடைக் கணக்கில் வரும். விலை குறைவு, எடை குறைவு, துவைத்தால் சீக்கிரம் காயும், கட்டி தட்டாது. இவ்வளவு நல்ல குணம் இருந்தும் நம் ஊருக்கு இது இரண்டாம் பட்சம்கூட இல்லை. பாலியஸ்டர் இழை ஈரத்தைத் தனக்குள் வாங்குவதில்லை. குழந்தையின் வியர்வை பஞ்சைத் தாண்டாமல் மேல்துணியிலேயே நிற்கும், சூடும் உள்ளேயே தங்கும். சென்னையிலும் மதுரையிலும் சித்திரை மாதத்தில் இதில் ஐந்து நிமிடம் கிடந்த குழந்தையின் முதுகைத் தொட்டுப் பார்த்தால் தெரியும்.

குளிர் ஊருக்கு வாங்குவதானாலும் வகை பார்த்து வாங்க வேண்டும். பசை தெளித்து ஒட்டிய ஷீட் ஒன்று, சூட்டிலேயே இழைகளை ஒட்டிய ஷீட் ஒன்று. காதருகே வைத்துக் கசக்கினால் சரசரவென்று சத்தம் வந்தால் அது பசை ஷீட். சில துவைப்பில் பசை விட்டு, பஞ்சு ஓரத்துக்கு ஒதுங்கும். சூட்டில் ஒட்டியதையே கேளுங்கள், 100 ஜிஎஸ்எம் தாண்ட வேண்டாம். இதற்கு மேல்துணியாக மல்மல் போன்ற கண் விட்ட துணி போட்டால் வெள்ளை இழைகள் மயிர்போல வெளியே துருத்திக்கொண்டு வரும். அதைப் பிடுங்கினால் இன்னும் வரும். நெருக்கமான பாப்ளின் அல்லது கேம்ப்ரிக் துணிதான் அதைத் தடுக்கும். இன்னொன்று: தைத்து முடித்த பிறகு இஸ்திரிப் பெட்டியைப் பருத்திச் சூட்டில் வைத்தால் உப்பல் ஒரேயடியாகப் படிந்துவிடும், திரும்ப எழாது.

பருத்திப் பஞ்சு ஷீட் வேறு சரக்கு. முள் வைத்த ஊசிகளால் ஆயிரக்கணக்கில் குத்திக் குத்தி இழைகளை ஒன்றோடொன்று சிக்க வைத்துச் செய்வது. தடித்த ஃபிளானல் துணிபோலக் கையில் படியும். இணையத்தில் இறக்குமதிச் சரக்காகக் கிடைப்பவற்றில் வார்ம் அண்ட் நேச்சுரல், ஹாப்ஸ் 80/20 என்ற இரண்டும் உலகம் முழுக்கக் குவில்ட் (ஒட்டுப் போர்வை) தைப்பவர்கள் பயன்படுத்துபவை. முன்னது பருத்தி; உள்ளே மெல்லிய வலை ஒன்று சேர்த்துக் குத்தப்பட்டிருப்பதால் மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும் வரிகளுக்கு இடையே 10 இஞ்ச் வரை விடலாம் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். பின்னது 80 பங்கு பருத்தி, 20 பங்கு பாலியஸ்டர். வரிகளுக்கு இடையே 4 இஞ்ச் வரை. இந்த இடைவெளிக் கணக்கு உறையிலேயே அச்சிட்டிருக்கும். அதைப் படிக்காமல் தைத்தால்தான் மூன்றாவது துவைப்பில் பஞ்சு கிழிந்து பந்து பந்தாகத் திரள்கிறது. குழந்தைப் போர்வை வாரத்துக்கு இரண்டு முறை துவைபடும் என்பதால், உறையில் என்ன எழுதியிருந்தாலும் 3 இஞ்ச்சுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள்.

இரண்டும் முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். 45 இஞ்ச்சில் அது 2 இஞ்ச்சுக்குப் பக்கம். துணியை முன்பே துவைத்துச் சுருக்கிவிட்டு, பஞ்சைத் துவைக்காமல் வைத்தால் போர்வை முழுக்க மெல்லிய சுருக்கம் விழும். பலருக்கு அந்தப் பழகிய தோற்றம் பிடிக்கும், தையல் கோணலையும் அது மறைக்கும். சமமாக இருக்க வேண்டும் என்பவர்கள் பஞ்சு ஷீட்டை வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பிழியாமல், ஒரு பெரிய துண்டில் சுருட்டி அழுத்தித் தண்ணீரை எடுத்துவிட்டு, படுக்கை வசத்தில் காயவைக்க வேண்டும். பிழிந்தால் கிழியும். வெளுக்காத பஞ்சில் விதைத் தூள் பழுப்புப் புள்ளியாக இருக்கும். மேல்துணி வெள்ளை என்றால் அது நிழலாகத் தெரியும், வெளுத்த வகையை வாங்குங்கள்.

பஞ்சு ஷீட்டின் ஒரே பெரிய குறை காய்வது. மூன்று அடுக்கும் தண்ணீர் குடித்துக்கொண்டால் எடை பல மடங்கு ஏறும். மழைக்காலத்தில் வீட்டுக்குள் கொடியில் போட்டால் ஓரம் காய்ந்து நடுவில் ஈரம் நிற்கும், பூஞ்சை வாசம் வரும். வேட்டி அடுக்கு இதில்தான் ஜெயிக்கிறது.

இனி வேட்டி. பிறந்த குழந்தையைப் பழைய வெள்ளை வேட்டியில் ஏந்தி வாங்குவது நம் வீடுகளில் நெடுநாள் பழக்கம். அந்தத் துணியே போர்வையின் நடுவிலும் உட்காரத் தகுதியானது. பீகாரின் சுஜனி, வங்காளத்தின் காந்தா இரண்டும் பழைய சேலையையும் வேட்டியையும் அடுக்கி ஓட்டுத் தையல் போட்டவைதான். சுஜனியைப் பிறந்த குழந்தைக்கென்றே தைத்தார்கள். நமக்குப் பக்கத்தில், கர்நாடகத்தின் எல்லாபுரா, ஹளியாள் பகுதியில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தியும் பழந்துணிப் போர்வைதான். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள், நான்கு மூலையிலும் ‘பூலா’ என்னும் மடித்த முக்கோணத் துணி வைக்காமல் போர்வை முடிந்ததாகக் கணக்கில்லை. இவை எதிலும் பஞ்சு கிடையாது. வெப்ப நாட்டில் போர்வை என்றால் துணிமேல் துணி என்பதை இவர்கள் எல்லோரும் தங்கள் கைப்பழக்கத்திலேயே அறிந்திருந்தார்கள்.

கணக்கு இப்படி. 4 முழ வேட்டி சுமார் 2 மீட்டர் நீளம், 50 இஞ்ச் பன்னா (அகலம்). குறுக்கே இரண்டாக வெட்டினால் 39க்கு 50 இஞ்ச்சில் இரண்டு அடுக்கு. கரையைக் கழித்தால் 39க்கு 47. நம் அளவுக்குச் சரியாக வரும். 8 முழம் சுமார் 3.6 மீட்டர். மூன்றாக வெட்டினால் ஒவ்வொன்றும் 47க்கு 50, கரை போக 47க்கு 47. மூன்று அடுக்கு தாராளமாகக் கிடைக்கும். மார்கழிக் குளிர் தெரியும் ஊர்களுக்கு மூன்று, கடலோரத்துக்கு இரண்டு. கரையைக் கட்டாயம் வெட்டிவிடுங்கள். ஜரிகை குத்தும், சாயக்கரை ஈரத்தில் மேல்துணிக்குக் கசியும்.

எல்லா வேட்டியும் பருத்தி இல்லை. பாலியஸ்டர் கலந்தவை நிறைய விற்கின்றன, பார்வைக்கு வேறுபாடே தெரியாது. ஓரத்திலிருந்து இழை இரண்டு உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேல் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசத்தோடு எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பல் விடும். கலப்பு இழை உருகிச் சுருண்டு, நுனியில் கடினமான கறுப்பு மணி நிற்கும். நெடுக்கு இழையான பாவு, குறுக்கு இழையான ஊடை இரண்டிலிருந்தும் இழை எடுத்துப் பார்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் கலப்பு இருப்பதுண்டு.

பழையது என்றால் எவ்வளவு பழையது? வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இரண்டு கட்டை விரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பக்கவாட்டில் இழுங்கள். இழை விலகிக் கிழிந்தால் அந்த வேட்டி முடிந்துவிட்டது. உள்ளே வைத்தால் தையல் ஓட்டையில் தொடங்கிக் கிழிந்து, வெளியே தெரியாமல் உள்ளுக்குள் திரளும். புது வேட்டியானால் கஞ்சி போக வேண்டும். ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் வெந்நீரில் சோப்புப் போட்டுத் துவைத்து, இதையே மூன்று நான்கு முறை செய்தால் மெதுவாகும். கஞ்சியோடு வைத்துத் தைத்தால் ஊசி திணறும், அலமாரியில் வெள்ளிப் பூச்சியும் வரும்.

இலவம் பஞ்சை ஏன் ஒதுக்க வேண்டும் என்று போடி பக்கத்து மக்கள் கேட்பார்கள். தலையணைக்கு அதைப்போல மென்மை வேறு இல்லை. ஆனால் அந்த இழை வழவழப்பானது, மேலே மெழுகுப் பூச்சு உள்ளது. ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாது, அதனால் எத்தனை வரி தைத்தாலும் கட்டத்துக்குள்ளேயே ஓடும். துவைக்க முடியாது. துணிக் கண் வழியே தூசாகக் கசியும் பஞ்சு குழந்தையின் மூச்சுக்கு ஆகாது. பட்டறையில் அடித்த உதிரிப் பருத்தியை மெல்லப் பரப்பி நெருக்கமாகத் தைப்பது ரஜாய் என்னும் ஜெய்ப்பூர்ப் பஞ்சுப் போர்வையின் வழி. அது வெயிலில் காயவைத்துக் காயவைத்துப் பயன்படுத்தும் பொருள், வாரம் இரண்டு முறை வாளியில் முக்கும் பொருள் அல்ல.

தைக்கவே நேரமில்லை என்பவர்கள் ஜெய்ப்பூரிலிருந்து வரும் டோஹர் என்னும் மூன்றடுக்கு மல்மல் போர்வையைக் குழந்தை அளவில் வாங்கலாம், நல்ல பொருள். ஆனால் பெரும்பாலும் ஓரத்தில் மட்டும் பைப்பிங் வைத்துத் தைத்திருப்பார்கள். நடு அடுக்கு துவைக்கும்போது சுருண்டு ஒரு மூலைக்குப் போகும். வாங்கியதும் நீளவாக்கில் 6 இஞ்ச்சுக்கு ஒரு வரி கையால் ஓட்டிவிட்டால் பல வருடம் வரும்.

மேலும் கீழும்

மேல்துணிக்கு 44 இஞ்ச் பன்னாவில் பாப்ளின் அல்லது கேம்ப்ரிக். சென்னையில் கோடவுன் தெரு, ஈரோட்டில் கனி மார்க்கெட் வாரச் சந்தை, கோவையில் டவுன்ஹால் பக்கம் என்று எங்கே எடுத்தாலும் தொட்டுப் பார்த்து, நகத்தால் சுரண்டிப் பார்த்து எடுங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தால் அது மாவுக் கஞ்சி. துவைத்ததும் துணி சல்லடையாகிவிடும்.

எளிய அமைப்பு 5 இஞ்ச் சதுரங்கள். கால் இஞ்ச் தையல் விட்டால் ஒவ்வொன்றும் நான்கரை இஞ்ச் நிற்கும். குறுக்கே 8, நெடுக்கே 10, ஆக 80 சதுரம், 36க்கு 45 இஞ்ச். நான்கு வகைத் துணி என்றால் ஒவ்வொன்றிலும் 20 சதுரம். 44 இஞ்ச் பன்னாவில் ஒரு பட்டைக்கு 8 சதுரம் வரும், மூன்று பட்டை வேண்டும், அது 15 இஞ்ச். சுருக்கத்துக்கும் கோண வெட்டுக்கும் சேர்த்து அரை மீட்டர் வாங்குங்கள். கீழ்த்துணி நான்கு பக்கமும் 2 இஞ்ச் கூடுதலாக இருக்க வேண்டும், 1.35 மீட்டர். ஓரப் பட்டிக்கு அரை மீட்டர்: இரண்டேகால் இஞ்ச் அகலத்தில் ஐந்து பட்டை, ஒட்டினால் சுற்றளவு 162 இஞ்ச்சுக்குப் போக மிச்சம் நிற்கும். நேரான ஓரத்துக்குக் கிராஸ் பட்டி (சாய்வாக வெட்டிய பட்டி) தேவையில்லை, வீணாகத் துணி போகும்.

சாயம் போவது இந்த வேலையின் பெரிய ஆபத்து. குழந்தை இதைச் சப்பும், கடிக்கும். மதுரைச் சுங்குடி, ராஜஸ்தானின் பாக்ரு அச்சு, அவுரி நீலம் எல்லாம் அழகுதான்; ஆனால் வெந்நீரில் நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்க்காமல் வெட்டக் கூடாது. கறை ஏறினால் தனியே வெந்நீரில் சோப்புப் போட்டு, தண்ணீர் தெளியும்வரை துவைக்க வேண்டும். நான்கு துவைப்புக்குப் பிறகும் தெளியவில்லையென்றால் அந்தத் துணியை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிற்கும் என்று பரவலாகச் சொல்வார்கள். ஏற்கெனவே சாயமேற்றிய பருத்தியில் அது வேலை செய்யாது.

பட்டு, ஜரிகை, மணி, கண்ணாடி, பொத்தான், குஞ்சம் எதுவும் வேண்டாம். பிய்ந்தால் நேரே வாய்க்குப் போகும்.

நூலும் ஊசியும்

இங்கேதான் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது. தையல் கடையில் கிடைக்கும் மலிவு நூலைத் தாளில் தேய்த்துப் பார்த்தால் பஞ்சு உதிரும். அது அடிநூல் உட்காரும் பாபின் கேஸில் அடைந்து, அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சேரும். 50 எண் பருத்தி நூல் மூன்று அடுக்குக்கும் ஏற்றது. இத்தாலியின் ஆரிஃபில், ஜெர்மனியின் குட்டர்மான் இரண்டும் உதிர்வு குறைந்த நூல்கள், விலையும் அதற்கேற்ப. நல்ல 40/2 பாலியஸ்டர் தையல் நூலும் தாங்கும். கண்ணுக்குத் தெரியாத நைலான் நூல் மட்டும் கூடவே கூடாது. அறுந்தால் அதன் வளையம் விரலை வெட்டும்.

கையால் ஓட்ட ஆங்கர் போன்ற பருத்தி எம்பிராய்டரி நூல். 8 மீட்டர் கொண்டை, ஆறு இழை. மூன்று இழையாகப் பிரித்தால் ஒரு கொண்டை 16 மீட்டர் ஓடும். 2 இஞ்ச்சுக்கு ஒரு வரி என்று நீளவாக்கில் 17 வரி போட்டால் சுமார் 24 மீட்டர் நூல் செலவு, இரண்டு கொண்டை போதும். ஒரே சாயத் தொகுப்பில் மூன்றாக வாங்கி வையுங்கள். தையல் நீளம் 4 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். காந்தாபோல அழகாக நீளத் தையல் விட்டால் குழந்தையின் கால் விரல் அதில் மாட்டும். முடிச்சை வெளியே விடாமல், ஊசியை அடுக்குக்குள் ஒரு இஞ்ச் ஓட்டி வெளியே எடுத்து, நூலை ஒட்ட வெட்டுங்கள். தொங்கும் நூல் விரலைச் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டமே நிற்கும்.

மெஷினுக்கு 14ஆம் நம்பர் ஊசி, புதிதாகப் போட்டது. 16, 18 என்று ஜீன்ஸ் ஊசி போட்டால் ஓட்டை பெரிதாகி, அதன் வழியே பஞ்சு வரும். தையல் நீளம் இரண்டரை முதல் 3 மில்லிமீட்டர்.

தைக்கும்போது எங்கே கெடுகிறது

சதுரங்களை இணைக்கும்போது கால் இஞ்ச் என்பது கால் இஞ்ச்தான். ஒவ்வொரு இணைப்பிலும் பதினாறில் ஒரு பங்கு இஞ்ச் கூடினால், இரண்டு சதுரத்திலும் சேர்த்து எட்டில் ஒரு பங்கு போகும். ஒரு வரிசையில் ஏழு இணைப்பு, ஆக கிட்டத்தட்ட ஒரு இஞ்ச் குறையும், அடுத்த வரிசையோடு மூலை சேராது. ஊசியிலிருந்து சரியாகக் கால் இஞ்ச்சில் மெஷின் தகட்டின்மேல் டேப் ஒட்டி, அதன் ஓரமாகத் துணியை ஓட்டுங்கள். தையல் மடிப்பை ஒரு வரிசையில் வலப்புறமும் அடுத்த வரிசையில் இடப்புறமும் சாய்த்து இஸ்திரி போட்டால், வரிசைகளைச் சேர்க்கும்போது மூலைகள் ஒன்றில் ஒன்று பொருந்தி உட்காரும்.

அடுக்குவதற்கு நம் வீட்டு மொசைக் தரையைவிட நல்ல இடம் கிடையாது. கீழ்த்துணியை உள்பக்கம் மேலாக விரித்து, ஓரங்களை மாஸ்கிங் டேப்பால் தரையோடு ஒட்டுங்கள். சுருக்கம் இல்லாமல் இருந்தால் போதும், இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் துணி சுருங்கி மடிப்பு விழும். அதன்மேல் வேட்டி அடுக்கு, அதன்மேல் மேல்துணி. நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவிவிட்டு, 4 இஞ்ச்சுக்கு ஒரு ஊக்கு. இந்த அளவுக்கு 100 ஊக்கு பிடிக்கும். எண்ணி எழுதி வையுங்கள், முடிந்ததும் எண்ணி எடுங்கள். எண்ணிக்கை சேராமல் போர்வை வீட்டைவிட்டுப் போகக் கூடாது. ஊக்கு குத்தியபடி வாரக்கணக்கில் போட்டுவிட்டால் நம் ஈரக்காற்றில் துருக்கறை ஏறும். தள்ளிப்போகும் வேலையென்றால் ஊக்குக்குப் பதில் நீளமான நூல் தையலால் பிடித்து வைப்பது நல்லது.

மெஷினில் தைக்கும்போது வரும் தொல்லை ஒன்றே ஒன்று: கீழே உள்ள பற்கள் கீழ்த்துணியை மட்டும் இழுக்கும், மேல்துணியை அதன்மேல் அழுத்தும் மெஷின் கால் நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். வரியின் முடிவில் மேல்துணி அரை இஞ்ச் மிஞ்சி, குறுக்கு வரி வரும் இடத்தில் மடிந்துகொள்ளும். வாக்கிங் ஃபுட் என்ற துணைக்கால் மேலேயும் பல் வைத்து இழுப்பதால் இதைச் சரிசெய்கிறது. உஷா ஜனோம் போன்ற வீட்டு மெஷின்களுக்குத் தாழ்ந்த தண்டு வகையைக் கேளுங்கள். காலை இறக்கி வைத்து, தகட்டிலிருந்து கால் திருகின் நடுவரை அளந்தால் முக்கால் இஞ்ச் இருந்தால் அது தாழ்ந்த தண்டு. ஒன்றேகால் இஞ்ச் என்றால் உயர்ந்த தண்டு. கறுப்புத் தலைக் கால் மெஷின் வைத்திருப்பவர்களும் இந்த அளவைப் பார்த்தே வாங்க வேண்டும்.

துணைக்கால் வாங்க முடியாதவர்கள் கால் அழுத்தத் திருகைத் தளர்த்தி, நடு வரியில் தொடங்கி ஓரத்தை நோக்கிப் போக வேண்டும். எல்லா வரியையும் ஒரே பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஒன்றை மேலிருந்தும் அடுத்ததைக் கீழிருந்தும் தைத்தால் இரண்டு வரிக்கு இடையே துணி சாய்வாக முறுக்கிக்கொள்ளும். குறுக்கு வரியே வேண்டாம் என்று முடிவு செய்தாலும் தவறில்லை. வேட்டி அடுக்குக்கு நீளவாக்கில் 2 இஞ்ச்சுக்கு ஒரு வரி தாராளம்.

ஓரப் பட்டியை நெடுக்கே இரண்டாக மடித்து இஸ்திரி போட்டு, மேல்பக்கம் கால் இஞ்ச்சில் தைத்து, மூலைக்குக் கால் இஞ்ச் முன்பே நிறுத்தி, பட்டியைச் சாய்வாக மேலே மடித்து, மீண்டும் கீழே இறக்கித் தொடர வேண்டும். முன்பே நிறுத்தாவிட்டால் மூலை மடிப்பு உட்காராமல் உருண்டையாக நிற்கும். பின்பக்கம் கையால் ஹெம்மிங் செய்வது அழகுதான், ஆனால் குழந்தைப் போர்வை படும் பாட்டுக்கு மெஷின் தையலே தாங்கும்.

தையல்காரரிடம் கொடுப்பதென்றால்

மேல்பகுதியை வீட்டில் இணைத்துவிட்டு, வரி தைக்க மட்டும் தெருமுனைத் தையல் கடையில் கொடுப்பவர்கள் உண்டு. நல்ல ஏற்பாடு, சொல்ல வேண்டியதைச் சொன்னால். மூன்று அடுக்கையும் ஊக்கு குத்தியோ நூல் தையலால் பிடித்தோதான் கொடுக்க வேண்டும். தனித்தனியாகக் கொடுத்தால் பெரும்பாலும் உள்பக்கம் வெளியே வைத்து மூன்று ஓரம் தைத்துத் தலையணை உறைபோலப் புரட்டிவிடுவார்கள். நடு அடுக்கு எதிலும் பிடிமானம் இல்லாமல் உள்ளே மிதக்கும். வரிகளைச் சாக்கால் நீங்களே கோடு போட்டுக் கொடுங்கள், மெழுகுச் சாக் வேண்டாம். சூடு பட்டால் கறை நிலைக்கும். 14ஆம் நம்பர் ஊசியை நீங்களே வாங்கிக் கொடுக்கலாம், ஆனால் கடை மெஷின் பெரிய மெஷினா என்று கேட்டுவிட்டு. அதன் ஊசித் தண்டு வேறு, வீட்டு ஊசி பொருந்தாது. ஓரத்தை ஓவர்லாக் மட்டும் செய்து முடித்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓவர்லாக் நூல் ஒரு இடத்தில் அறுந்தால் வரிசையாகப் பிரிந்துவரும், அந்த நூலும் விரலில் சுற்றும். வாங்கி வந்ததும் ஊக்கு எண்ணிக்கை, பிறகு ஒரு காந்தத்தைப் போர்வை முழுக்க ஓட்டிப் பார்ப்பது. எஃகு ஊக்கும் குண்டூசியும் உடைந்த ஊசி முனையும் அதில் தட்டுப்படும். பித்தளை ஊக்கு காந்தத்தில் ஒட்டாது என்பதால் எண்ணிக்கையை விட்டுவிடக் கூடாது.

துவைப்பதும் காயவைப்பதும்

கொடுப்பதற்கு முன் ஒருமுறை துவைத்துக் கொடுங்கள். சாக் கோடு, கை அழுக்கு, மிச்சக் கஞ்சி எல்லாம் போகும். குளிர்ந்த நீர், மென்மையான திரவ சோப்பு, இரண்டு முறை நன்றாக அலசுதல். துணி மென்மையாக்கும் திரவம் வேண்டாம். இழைமேல் படிந்து, உறிஞ்சும் குணத்தையே கெடுக்கும். ப்ளீச் இழையைத் தின்னும். சிறுநீர் பட்டால் உடனே பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டுப் பிறகு சோப்பு. பால் கக்கிய இடத்துக்கும் முதலில் பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் ஊற்றினால் கறை இறுகும்.

ஒரே கொடியில் தொங்கவிட்டால் ஈர எடை முழுவதும் ஒரு மடிப்பில் இறங்கி, அந்த இடத்துத் தையல் இழுபடும். பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு கொடிகளில் பரத்திப் போட்டு, கீழ்த்துணியை வெயில் பக்கம் திருப்பி வையுங்கள், அச்சு நிறம் வெளுக்காது. மேலே காய்ந்ததுபோல இருந்தாலும் இரண்டு வரிக்கு நடுவே விரல்களால் அழுத்திப் பார்த்து, சில்லென்று இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் விடுங்கள். ஈரத்தோடு மடித்தால் இரண்டு நாளில் கரும்புள்ளி வரும், அது எந்தச் சோப்புக்கும் போகாது. வருடம் இரண்டு ஆகும்போது ஏதாவது ஒரு சதுரம் நைந்துபோகும். அதே துணியில் மிஞ்சிய துண்டை 5 இஞ்ச்சில் வெட்டி, நான்கு பக்கமும் கால் இஞ்ச் உள்ளே மடித்து, பழையதன் மேலேயே வைத்துக் கையால் தைத்துவிடலாம். அதற்காக நான்கு துணியிலும் ஒவ்வொரு துண்டைப் போர்வையோடு சேர்த்துக் கொடுத்து, போர்வையைத் துவைக்கும்போதெல்லாம் அவற்றையும் துவைத்துவரச் சொல்லுங்கள். நிறம் சேர்ந்தே மங்கும்.